ஒரே கணக்கில் இரண்டு சம்பளம்

ஒண்டிக்கடை நாற்சந்தியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இந்த மலையில் யாருக்கு என்ன குறை என்பது டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. என் பெயர் ஜாபெஸ். எனக்கு முன்கோபம் என்று ஊரில் பேச்சு. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று வந்து நிற்பவர்களிடம் காலை முதல் மாலை வரை பேசிப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

சசிரேகா அந்த ரகமில்லை. அவளுடைய தாள்கள் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். நான் வாடிக்கையாளருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவன் இல்லை என்பது ஒண்டிக்கடை முழுவதும் அறிந்த விஷயம்.

மஞ்சக்குட்டைப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா பெரியசாமி அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா கிருஷ்ணம்மாள் அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். வேறு பிள்ளைகள் கிடையாது. சசிரேகா எப்படியோ கல்விக் கடன் வாங்கி டயாலிசிஸ் டெக்னீஷியன் பட்டம் படித்து, சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலையில் இருக்கிறாள். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் வேலை. வாரத்துக்கு ஆறு நாள் ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை மலையேறி அம்மாவிடம், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பவும் கீழே. அவளுக்குக் கல்யாணம் பேசியவர்கள் லைன் வீட்டைப் பார்த்துவிட்டு டீ குடிக்காமல் எழுந்து போனார்கள். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் ஒரு வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட வந்திருந்தாள். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். விதிகளை அவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள், நான் ஒன்று சொல்லி நீங்கள் அதை நம்பி வீட்டை அடகு வைத்தால் என் கடைக்குத்தான் சண்டைக்கு வருவீர்கள். படிப்புக்கு இத்தனை புள்ளி, வயதுக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை, போன பன்னிரண்டு மாதச் சம்பாத்தியத்துக்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்து, ஒரு கோட்டைத் தாண்டினால் வா என்கிற நாடு அது. படிப்பும் ஆங்கிலமும் அவளுக்குக் கைவசம் இருந்தன. வயதுக்கான புள்ளி பங்குனி மாதம் அவள் பிறந்த நாளோடு குறைந்துவிடும். அதனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருந்தது சம்பாத்தியம்.

அங்கே போய் மூன்று நான்கு வருஷம் இருந்தால் கடனை அடைத்து, அடிவாரத்தில் சின்னதாக ஒரு மனை வாங்கிவிடலாம் என்பது அவள் எண்ணம். அம்மா காட்டுக்குப் போவது நிற்க வேண்டும், தன் கதவை யாரும் வந்து தட்டிக் காலி செய் என்று சொல்லாத ஒரு வீட்டில் உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். என்னிடம் விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எதற்குப் போகிறோம் என்றே தெரியாது. இவளுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது வரை தெரிந்திருந்தது.

சம்பாத்தியக் கணக்கு நாம் நினைப்பது போல நேராக இருக்காது. நம் ஊர்ச் சம்பளத்தை அப்படியே அவர்கள் காசுக்கு மாற்றினால் அங்கே ஒரு மாத வாடகைக்குக் காணாது. அதனால் நாட்டுக்கு ஒரு எண் வைத்து அதால் பெருக்கிக்கொள்கிறார்கள். ஏழை நாட்டுக்காரனுக்குப் பெரிய எண். அதில் ஒரு மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றியது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. சம்பளச் சீட்டில் இருக்கும் தொகை வங்கிக் கணக்கில் அதே மாதம் விழுந்திருக்க வேண்டும். கையில் கொடுத்த பஸ் படி சேராது. சீட்டில் ஏறியிருந்தால் இரவுப் பணிப் படி சேரும். பெருக்கலைத் தலைகீழாகப் போட்டு நம் காசுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அவள் வருஷத்துக்கு ஏறக்குறைய நாலு லட்சம் சம்பாதித்திருக்க வேண்டும்.

வங்கி ஸ்டேட்மென்டைக் கையில் எடுத்து, கால்குலேட்டரை இழுத்து வைத்து, வரவுப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் மளமளவென்று கூட்டினேன். ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. எழுந்து அவளுக்குக் கை கொடுத்தேன். கோட்டைத் தாண்டிக் குதித்துவிட்டாயம்மா, இனி பெட்டி வாங்க வேண்டியதுதான் என்றேன்.

அவள் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. ஸ்டேட்மென்டை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு மாதத்திலும் இரண்டாவதாக இருந்த ஒரு சின்ன வரவின் மேல் விரலை வைத்தாள்.

“அண்ணா, இது என்ற காசு இல்லீங்க. எஸ்டேட்டுல இருந்து வருது. அம்மா சம்பளமுங்க.”

அம்மா சம்பளம் உன் கணக்கில் ஏன் வருகிறது என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் எனக்கே உறைத்தது. இந்த மலையில் அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்டேட்டில் லைன் வீடு யாருக்கும் சொந்தமில்லை. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில், அதாவது எஸ்டேட் வருகைப் பதிவேட்டில் இருக்கும்வரை குடியிருக்கலாம். பெயர் போனால் வீடும் போகும். கிருஷ்ணம்மாள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவளுடைய பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாது. அப்போதிருந்த ரைட்டர், அதாவது எஸ்டேட் கணக்கர், முகத்தைப் பார்த்து ஒரு வயதை மதித்து எழுதினார். வெயிலில் கருத்த முகம், பத்து வயது கூட விழுந்துவிட்டது. அதன்படி உடம்பு தெம்பாக இருக்கும்போதே அவளுக்கு வயது முடிந்ததாகக் கணக்குத் தீர்த்தார்கள். புருஷனும் இல்லை. வீட்டைக் காப்பாற்றுவதற்காகப் பிளஸ் டூ முடித்த கையோடு சசிரேகாவின் பெயரைச் செக்ரோலில் போட்டார்கள். ஒரு பருவம் அவளும் பழம் பறித்தாள். பிறகு காலேஜில் இடம் கிடைத்தது. மகள் சேலத்துக்குப் போனாள், மகளின் பெயர் எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டது. அந்தப் பெயரில் அம்மா வேலைக்குப் போனாள்.

யாரும் இதைத் திருட்டாக நினைக்கவில்லை. வேலை நடக்கிறது, ஆள் வருகிறது, கூலி போகிறது. பத்து வீட்டில் மூன்று வீடு இப்படித்தான். கூலியை வங்கியில் போடுகிற காலம் வந்ததும் எஸ்டேட்காரர்கள் செக்ரோலில் இருந்தவர்கள் பெயரிலெல்லாம் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது கணக்கு எண் கேட்டார்கள், சசிரேகா கையில் இருந்த அந்த ஒரே எண்ணைக் கொடுத்தாள். இரண்டு சம்பளமும் ஒரே குட்டையில் விழ ஆரம்பித்தது அப்படித்தான். மாதம் ஒருமுறை அம்மாவின் கூலியை மட்டும் பிரித்து எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுவாள்.

எஸ்டேட் வரவுகளைக் கழித்துவிட்டு மறுபடி கூட்டினேன். நாலு லட்சத்துக்கு மேல் ஒரு சின்னச் சொச்சம் நின்றது. மயிரிழைதான், ஆனால் கோட்டுக்கு மேலே. இரவுப் பணிப் படிகளை மட்டும் தனியாக இரண்டாம் தடவை சரிபார்த்தேன். நின்றது.

அந்தச் சொச்சம் பயமாக இருந்தது. ரூபாய் மதிப்பு நாலு நாள் சரிந்தால் கணக்கு கோட்டுக்குக் கீழே போய்விடும். அம்மா கூலியையும் சேர்த்துக் காட்டிவிட்டால் எந்தச் சரிவும் ஒன்றும் செய்யாது. எஸ்டேட் ரைட்டர் கமலக்கண்ணன் ஒரு கடிதம் கொடுத்துவிடுவார், எல்லாம் அவள் பெயரில்தானே இருக்கிறது. நான் அப்படியே சொன்னேன். தாளில் இருப்பதுதானே அவர்களுக்கு உண்மை, இதில் உனக்கென்ன என்றுகூடக் கேட்டேன்.

“அது அம்மா ஒடம்புங்கண்ணா. அதை என்ற சம்பாத்தியம்னு எழுத எனக்குக் கை வராதுங்க.”

சரி, உன் விருப்பம் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிச் சம்பளத்தை மட்டும் ஏற்றினோம். விண்ணப்பத்தில் ஓர் இடத்தில், கணக்கில் வேறு வரவுகள் இருந்தால் விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள். அங்கே வந்ததும் அவள் கை நின்றது. உண்மையை எழுதினால், வயது முடிந்த ஒருத்தி மகள் பெயரில் வேலை செய்கிறாள் என்று எழுத வேண்டும். அதை எங்கோ ஒருவர் படித்துவிட்டு எஸ்டேட்டைக் கேட்டால் லைன் வீடு போகும். ஆகவே அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். கட்டணம் கட்டினாள். அவள் சேமிப்பில் பாதி அதிலேயே கரைந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ரூபாய் மதிப்புப் பார்க்கிற பைத்தியமாகிவிட்டாள். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது மற்றவர்கள் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இவள் சிக்னல் தேடிச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பாளாம். கண்டக்டர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். விண்ணப்பம் போட்ட நாளின் மதிப்புதான் கணக்கு, இனி ஏறினாலும் இறங்கினாலும் உனக்கு ஒன்றுமில்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. வேறு எதைப் பற்றியும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதனால் அதையாவது பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்த பிறகு பதில் வந்தது. அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் இரண்டு முறை படித்துவிட்டு அவளுக்குத் தமிழில் சொன்னேன். உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு காப்பி எஸ்டேட்டிலிருந்து மாதந்தோறும் கூலி வருகிறது. அதை நீங்கள் சொல்லவில்லை. நாங்கள் எஸ்டேட்டைக் கேட்டோம். பல வருஷமாக நீங்கள் ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வருகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவித்திருக்கிறார்கள். அப்படியானால் அதே நாட்களில் நீங்கள் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முழுநேரம் வேலை பார்த்தது எப்படி? உங்கள் ஆஸ்பத்திரிச் சம்பளத்தை ஏன் ஏற்க வேண்டும் என்று ஆதாரத்துடன் விளக்கவும்.

இதை அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் சந்தேகப்பட்டது எஸ்டேட் வேலையை அல்ல. அதற்குத்தான் நாள் தவறாத வருகைப் பதிவும் வருஷக்கணக்கான சாட்சியும் இருந்தன. அவள் படித்ததும், ராத்திரி பகலாக இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதும்தான் அவர்களுக்குப் பொய்யாகத் தெரிந்தது. இத்தனை படித்தும் நான் அவர்களுக்குப் பழம் பறிக்கிற ஆள்தானா அண்ணா என்று கேட்டாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, கடையில் கோபப்பட ஆள் இல்லாமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

யார் மேல் என்று மறுநாள் கண்டுபிடித்துக்கொண்டு மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறினேன். ரைட்டர் கமலக்கண்ணன் நல்ல மனுஷன், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக இருந்தது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஏன் ஐயா இப்படி எழுதிக் கொடுத்தீர்கள், அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போட்டுவிட்டீர்களே என்று சத்தம் போட்டேன். அவருக்கு விஷயமே புரியவில்லை. வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, நம் சசிரேகாவைப் பற்றி நல்லபடியாகச் சொன்னால் அவளுக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்து, அகராதி வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து எழுதினாராம். நேர்மையானவர், உழைப்பாளி, ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர் என்று சேர்த்து எழுதியதைப் பெருமையோடு சொன்னார். எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் அதெல்லாம் கிருஷ்ணம்மாளைப் பற்றியது.

நான் விளக்கிச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க ஜாபெஸ், அப்படி ஒரு ஆளு இங்க வேல செய்யலீன்னு எழுதியிருந்தா அந்தம்மா ஊடு அன்னைக்கே போயிருக்குமுங்களே. நான் வேற என்னத்தை எழுதறதுங்க?”

புது மேனேஜர் வந்திருக்கிறார், எல்லாத் தபாலும் இனி அவர் வழியாகத்தான் போகும் என்றார். வேலை செய்தது கிருஷ்ணம்மாள்தான் என்று ஒரு தாள் வெளிநாட்டுக்குப் போய், அவர்கள் திரும்பவும் இங்கே கேட்டால், தன்னால் மறைக்க முடியாது. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். தன் வேலையும் போகும். இன்னும் எத்தனை லைன் வீட்டில் இதே கதை வெளியே வரும் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம் என்று என் பாணியிலேயே சொன்னார். ஆனாலும், அந்தப் பிள்ளை போட்டும்ங்க, நான் குறுக்க நிக்கல என்று முடித்தார். சண்டை போட வந்தவனுக்கு அவர் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் நானும் சசிரேகாவும் உட்கார்ந்து வழி தேடினோம். எனக்குத் தெரிந்த எல்லா வழியையும் சொன்னேன், ஒவ்வொன்றும் ஒரு சுவரில் போய் முட்டியது. இரண்டு வேலையும் நான்தான் செய்தேன் என்று சொல்ல முடியாது, ஒரே காலைப் பொழுதில் மலையிலும் சேலத்திலும் எவளும் நிற்க முடியாது. எஸ்டேட் பதிவு தப்பு என்று சொன்னால் வீடு போகும். வீடு போனால் போகட்டும், சேலத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடி என்றேன். அதற்கு முன்பணம் வேண்டும். விசாவுக்காக வங்கியில் காட்டிய இருப்பிலிருந்து முடிவு வரும்வரை ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. வேறு இருப்பு அவளுக்கு இல்லை. புதுக் கணக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு மாதம் சுத்தமாகச் சம்பளம் வாங்கிவிட்டு மறுபடி போடலாம் என்றால் அதற்குள் வயதுப் புள்ளி போய்விடும். அம்மாவுக்கு வீடு கட்டத்தான் வெளிநாடு, வெளிநாடு போக வேண்டுமானால் அம்மா இருக்கிற வீட்டை இழக்க வேண்டும். இதை அவள் சொல்லவில்லை, நான்தான் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்க வேண்டாம்.

விஷயத்தை அம்மாவிடம் சொல்லப் போவதில்லை என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கமலக்கண்ணனுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. அவரே லைனுக்குப் போய்க் கிருஷ்ணம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் என் கடைக்கு வந்தார்கள். சசிரேகாவின் கண்கள் வீங்கியிருந்தன, அம்மாதான் முன்னால் நடந்து வந்தாள். கிருஷ்ணம்மாளை நான் அதற்கு முன் தெருவில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. ஒல்லியான உடம்பு. பழம் பறித்துப் பறித்து விரல் நுனிகளில் கறை ஊறிப்போயிருந்தது. நல்ல புடவை கட்டி, தலையில் எண்ணெய் வைத்து வாரி, ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகிறவள் போல வந்திருந்தாள்.

“சாமி, நான் என்ன எழுதிக் குடுக்கோணுமோ நீங்களே எழுதுங்க. வேல செஞ்சது நான்தான், அது என்ற கூலின்னு தெளிவா எழுதுங்க. புள்ள போவட்டும்.”

வீடு போய்விடுமே அம்மா, தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சேலம் அம்மாபேட்டையில் தங்கச்சி இருக்கிறாளாம், அவள் வீட்டில் ஒரு மூலையில் கிடந்துகொள்வாளாம். அந்தத் தங்கச்சி வீடு ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஐந்து பேர் என்று சசிரேகா குறுக்கே சொன்னாள். கிருஷ்ணம்மாள் மகள் பக்கம் திரும்பவேயில்லை. எழுதுங்க சாமி என்று மறுபடி சொன்னாள்.

எழுதினேன். எஸ்டேட்டில் சசிரேகா என்ற பெயரில் இத்தனை வருஷம் வேலை செய்தவள் கிருஷ்ணம்மாள் ஆகிய நான், அந்தக் கணக்கில் எஸ்டேட்டிலிருந்து வந்த பணம் முழுவதும் என் உழைப்பின் கூலி, என் மகளுக்கு அதில் பங்கில்லை என்று தமிழில் எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் அடித்தேன். படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் என்கிற இடம் வந்தபோது மட்டும் தலையை லேசாக ஆட்டினாள். அவள் உழைத்ததை அவள் பெயரோடு சேர்த்து ஒரு தாளில் எழுதியது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது தோன்றியது.

கைநாட்டு வைப்பாள் என்று நினைத்து மைப் பெட்டியை நகர்த்தி வைத்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, மாதா மாதம் சம்பளப் புத்தகத்தில் நான்தானே போடுகிறேன் என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லில் கடித்தபடி, அவசரப்படாமல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் அடியில் வளைவாக ஒரு கோடு இழுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

சசிரேகா என்று எழுதியிருந்தாள்.

மேஜைமேல் சசிரேகாவின் பாஸ்போர்ட் நகல் கிடந்தது. அதிலும் அவள் தமிழில்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதே சாய்வு, அதே ‘ரே’, அடியில் அதே வளைந்த கோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்த அதிகாரியும் இரண்டும் ஒரே கைதான் என்று சத்தியம் செய்வான். படித்தவளின் பெயருக்குக் கைநாட்டு வைத்தால் சந்தேகம் வரும் என்று காலேஜுக்குக் கிளம்புகிற மாதத்தில் மகளே அம்மாவுக்கு உட்கார்ந்து எழுதிக் காட்டியதாம் அது. பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

“கோணாம வந்துருக்குதா கண்ணு?” என்று கிருஷ்ணம்மாள் மகளைக் கேட்டாள்.

“நல்லாருக்குதும்மா” என்றாள் சசிரேகா.

பரவாயில்லை, அதை விட்டுவிடலாம், வேறு தாள் அடிக்கிறேன், பெருவிரலை வைத்தால் போதும் என்று நான் பிரிண்டர் பக்கம் திரும்பினேன். கிருஷ்ணம்மாளுக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்று விளங்கவில்லை. ஆனாலும் சொன்ன பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பெருவிரலை நீட்டினாள். சசிரேகா மைப் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, நீட்டின அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

“வேண்டாங்கண்ணா. அம்மா தனக்குன்னு ஒரு எழுத்துகூட வெச்சுக்கலீங்க, எல்லாத்தையும் என்ற பேருக்கே பண்ணிப்போட்டாங்க. இருக்கற ஊட்டையும் புடுங்கிக்கிட்டு நான் எங்கீங்க போறது?”

கிருஷ்ணம்மாள் கோபப்பட்டாள், கெஞ்சினாள், உன் அப்பன் இருந்திருந்தால் உன்னை அறைந்து அனுப்பியிருப்பான் என்றுகூடச் சொன்னாள். மகள் எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டே தாள்களைப் பழையபடி வரிசையாக அடுக்கிப் பையில் வைத்தாள். கையெழுத்துப் போட்ட தாளையும் கிழிக்காமல் கொண்டுபோனாள். மஞ்சக்குட்டை ஜீப் நின்றிருந்தது, இருவரும் ஏறிக்கொண்டார்கள். நான் அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். யாரோ ஒருவர் வருமானச் சான்றிதழுக்காக வந்து நின்றார், நாளைக்கு வாருங்கள் என்று அவரிடம் கத்தியது நினைவிருக்கிறது.

விளக்கம் கொடுக்க வேண்டிய கெடு அந்த வாரத்தோடு முடிந்தது. நாங்கள் ஒன்றும் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை சசிரேகா முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள். எஸ்டேட் செக்ரோலிலும் அன்றைக்குச் சசிரேகா வேலைக்கு வந்ததாகவே கமலக்கண்ணன் குறித்துக்கொண்டார்.